அறுபத்தோரு சீசா எண்ணெய்

சுந்தரபாண்டி பால் சொசைட்டியில் முப்பத்தோரு வருஷம் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் எப்போதும்வென்றான் ஊர்ச் சுற்றுவட்டாரத்து மாடுகள் எல்லாம் பாலைக் கொஞ்சம் கெட்டியாகவே சுரக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். கேட்கிறவர் சிரித்துவிட்டால் போச்சு, ஒரு படி மேலே ஏறிவிடுவார். மேலத்தெருவில் ஒரு எருமை அவரைக் கண்ட பயத்தில் நேரே தயிராகவே கறந்துவிட்டதாம். சொசைட்டி ரெஜிஸ்டரில் தயிருக்கு இடம் இல்லாததால் திருப்பி அனுப்பும்படி ஆகிவிட்டதாம்.

சொசைட்டியில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. வருகிற பாலைக் குவளையால் அளந்து, எத்தனை லிட்டர் என்று ரெஜிஸ்டர்க்காரருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வது சோலையின் வேலை. அதில் பால்மானி என்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, தண்ணீர் கலந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது சுந்தரபாண்டியின் வேலை. பால் எத்தனை லிட்டர் என்று அவர் ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. "அளக்கதுக்குக் கை இருந்தாப் போதும். தரம் பாக்கதுக்குத் தலை வேணும்" என்பார், சோலையின் காதில் விழுகிற மாதிரியே.  சோலை அடுத்த குவளையை மட்டும் கொஞ்சம் அதிகச் சத்தமாக எண்ணுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய டீசல் ஜீப்பு வாங்கினார்.

ஜீப்பு என்றால் ஆடு ஏற்றுகிற ஜீப்பு. பேர்தான் அவருடையது, அதிகாரம் பூராவும் மனைவி ஆவுடைத்தாயுடையது. கிடையில் கிடக்கிற நூறு உருப்படியும் அவள் கைவளர்ப்பு. சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு கிடாய்களை எட்டயபுரம் சந்தைக்கு ஏற்றிப் போவதற்காகத்தான் வண்டியே. யார் ஓட்டுவது என்ற பேச்சு எழும்புவதற்கு முன்பே சுந்தரபாண்டி ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்க மனசு வரவில்லை. அன்று மத்தியானச் சோற்றையும் அங்கேயே, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். ராத்திரி அங்கேயே படுத்திருப்பார். கால் நீட்ட இடம் இல்லை.

ஆனால் மூன்றே மாசத்தில் இரண்டு தடவை சந்தைக்குப் போகிற வழியில் வண்டி நின்றுபோனது. முதல் தடவை டீசல் தீர்ந்துபோய். இரண்டாம் தடவை கைப்பிரேக்கை விடுவிக்காமலே ஏழு கிலோமீட்டர் ஓட்டி. சக்கரத்தில் புகை கிளம்பிய பிறகும் அவர் பிரேக்கைப் பார்க்கவில்லை. கிடாய்கள்தான் கனம் போல என்று, கொம்பு பெரிதாக இருந்த ஒன்றைக் கீழே இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் சந்தை கலைந்த பிறகு போய்ச் சேர்ந்து, ஏற்றிப்போன ஆடுகளை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாம் தடவை திரும்பிவந்த சாயங்காலம் ஆவுடைத்தாய் சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இன்னொரு சனிக்கெழம வண்டி வழியில நின்னுதுன்னா, சாவி எந்தம்பி மாரிராஜ் கைக்குப் போயிரும். நீங்க பின்னால ஆட்டோட ஏறிக்கிடுங்க."

"ஆட்டோடயா?"

"முன்னால ரெண்டு சீட்டுதான இருக்கு. ஒண்ணு வண்டி ஓட்டுதவனுக்கு, ஒண்ணு எனக்கு."

சுந்தரபாண்டி அன்றிரவு மறுபடி ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் பிறர் பாலுக்குத் தீர்ப்புச் சொன்ன ஒருவர் கிடாய்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து ஊரைக் கடந்து போவதா? அதுவும் அளவுக்காரச் சோலையின் வீட்டு வாசல் வழியாக.

மறுநாள் மச்சினன் மாரிராஜே, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஒரு வார்த்தை சொன்னான். "அத்தான், எஞ்சினுக்கு உசுரு எண்ணெயிலதான் இருக்கு. அத மாத்தி எத்தன நாளாச்சோ. அத மொதல்ல பாருங்க."

பார்த்துவிடுவது என்று கிளம்பினார்.

எட்டயபுரத்தில் கோவில்பட்டி ரோட்டில் ராஜமணியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சுற்றுப்பட்டு டிராக்டர், வேன், ஜீப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் எண்ணெய் ஊற்றுகிறவர். வண்டி எந்த வருஷத்தது, எங்கே ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு, ஒரு கேனை எடுத்து மேசையில் வைத்தார்.

"பதினஞ்சு டபிள்யூ நாப்பது. உங்க வண்டிக்கு இது போதும் அண்ணாச்சி. அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்க மாத்திருங்க. கூடவே பில்ட்டரயும் மாத்துங்க."

"நாப்பதுங்கது கொழுப்பா?"

"பாலு இல்ல அண்ணாச்சி. எஞ்சின் சூட்டுல எம்புட்டுக் கெட்டியா நிக்கும்ங்கது நாப்பது. குளுர்ல எம்புட்டு லேசா ஓடும்ங்கது பதினஞ்சு."

"மேல இருக்கே, தங்கக் கலர் கேனு. அது?"

"அது சிந்தெடிக். அஞ்சு டபிள்யூ நாப்பது. நல்ல சரக்குதான், பொய் சொல்லக்கூடாது. சூடு தாங்கும், ரொம்ப நாள் உழைக்கும். ஆனா அந்த அஞ்சு பனி பெய்யுத ஊருக்கு. நம்ம பக்கம் குளுருதுன்னு எந்த எஞ்சின் அழுதிருக்கு? உங்க ஜீப்புக்கு அத ஊத்துனா, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு ஆடு மேச்ச மாதிரி."

எது விலை கூடுதலோ அதில்தான் கலப்படம் இருக்கும் என்பது டெஸ்டர் சுந்தரபாண்டியின் சித்தாந்தம். திறந்து காட்டச் சொன்னார். ராஜமணி மரியாதைக்குத் திறந்தார். விரலில் தொட்டுப் பார்த்தால் எண்ணெய் தண்ணீராக ஓடியது. சுந்தரபாண்டியின் மூக்கு விடைத்தது. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதற்குள் கண்ணாடி கிடையாது. ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்குக் கொண்டுவந்த பால்மானிதான் இருந்தது. ராஜமணி என்னவென்று கேட்பதற்குள் அதைக் கேனுக்குள் மிதக்கவிட்டார்.

அது மிதக்கவில்லை. அடியில் போய் 'டொக்' என்றது.

இருவரும் கேன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்பிடி முங்குனா என்ன அர்த்தம் அண்ணாச்சி?" என்று ராஜமணி கேட்டார்.

"பூராத் தண்ணின்னு அர்த்தம்."

"தண்ணியில போட்டா முங்குமா?"

சுந்தரபாண்டி யோசித்தார். "முங்காது. மிதக்கும்."

"எண்ணெய் தண்ணிய விட லேசுல்லா? அதான் முங்கிட்டு. கோயில் வெளக்குல பாத்ததில்லையா, தண்ணிக்கு மேல எண்ணெய் நிக்கத?" ராஜமணி கேனை மூடினார். "சரி. சீல் ஒடச்சாச்சு. உள்ள உங்க உருப்படி வேற கெடக்கு. இனி இத நான் யாருக்கு விக்க?"

இப்படியாகத்தான் அந்த ஜீப்புக்கு சிந்தெடிக் எண்ணெய் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆறு லிட்டர் பிடிக்கும் என்பதால் ஒரு லிட்டர் டப்பா ஒன்றும் சேர்த்து வாங்கினார். வீட்டில் வந்து, கடையில் இருந்த பதினாறு வகையையும் விஞ்ஞான முறைப்படி சோதித்து இதைத் தேர்ந்ததாகச் சொன்னார். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுக் கேனைக் கவிழ்த்து ஊற்றியபோது பால்மானி வழுக்கிக்கொண்டு வந்து வாயில் எட்டிப் பார்த்தது. ஆவுடைத்தாய் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் எஞ்சினுக்குள் செருகியிருக்கும் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. தேன் மாதிரி ஊற்றியது தார் மாதிரி இருந்தது. ராஜமணிக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, ஊத்தி ஒரு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள கரிச்சட்டியா இருக்கு. கெட்டுப் போச்சு."

"கெடல. டீசல் எஞ்சின் உள்ள கரியாத்தான் இருக்கும். அத எண்ணெய் வாங்கிக்கிட்டாக் கறுக்கத்தான் செய்யும். வீட்டத் தொடச்ச துணி வெள்ள வெளேர்னு இருந்துதுன்னா, வீட்டத் தொடைக்கலன்னு அர்த்தம்."

"அப்ப இது எப்பக் கெடும்? கேன்ல பதினஞ்சாயிரம் கிலோமீட்டர்னு போட்டிருக்கே."

"அது நல்ல ரோட்டுல நிக்காம ஓடுத வண்டிக்கு. நீங்க கரிசத் தூசிக்குள்ள உருட்டுதீங்க. பத்தடிக்கு ஒருக்க நிறுத்தி ஆடு ஏத்துதீங்க. ஆறு, மிஞ்சிப்போனா ஏழாயிரத்துல எறக்கிருங்க."

மாரிராஜோ, எண்ணெய் எதுவானாலும் இரண்டாயிரத்தில் மாற்றிவிட வேண்டும் என்றான். ஒருவர் இரண்டு, ஒருவர் ஏழு, கேன் பதினைந்து. சுந்தரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. பால் எந்த நேரத்தில் திரியும் என்று கண்டுபிடிக்கிறவருக்கு எண்ணெய் எந்த நாளில் திரியும் என்று கண்டுபிடிக்கத் தெரியாதா? தினமும் மாதிரி எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் அதுவே காட்டிக் கொடுத்துவிடாதா?

சொசைட்டியிலிருந்து அவர் கொண்டுவந்த ஞாபகார்த்தங்களில், ரப்பர் மூடி போட்ட சாம்பிள் சீசாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அன்றைக்கே சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தார். எண்ணெய் இறக்குகிற போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு சீசா பிடித்துக்கொண்டு, திரும்ப முடுக்கினார். ஐம்பது மில்லி. தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்தார். சாயங்காலமும் ஒன்று. பால் இரண்டு வேளை வருகிறது. சாம்பிளும் இரண்டு வேளை எடுப்பதுதானே முறை.

ஒரு மாசம் இந்த யாகம் நடந்தது. காலையில் எழுந்ததும் முதலில் கம்பியை உருவுவார். விரலில் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், ஒரு நாள் நாக்கு நுனியில்கூட வைத்தார். அன்று குடித்த மூன்று காப்பியிலும் ஜீப்பு ஓடிற்று. பிறகு அடியில் போய் சீசா பிடிப்பார். நோட்டில் குறிப்பு எழுதுவார். முதல் வாரம் 'கறுப்பு'. இரண்டாம் வாரம் 'நல்ல கறுப்பு'. மூன்றாம் வாரம் 'மிக நல்ல கறுப்பு'. அதற்கு மேல் தமிழில் வார்த்தை கிடைக்காமல் 'மேற்படி' என்று எழுதத் தொடங்கினார். அந்தக் கம்பியின் நுனியில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கோடுகள் இருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. அது அளவு சம்பந்தப்பட்ட சமாச்சாரம். தனக்கு வேண்டாதது என்று விட்டுவிட்டார்.

ஐந்தாவது சனிக்கிழமை. விடிந்தும் விடியாமல் அறுபத்தோராவது சீசாவைப் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார். பக்கத்தில் ஆவுடைத்தாய். பின்னால் பன்னிரண்டு கிடாயோடு மாரிராஜ். நாலு சனிக்கிழமை நிற்காமல் ஓடிய கர்வத்தில் சுந்தரபாண்டி சோலை வீட்டு வாசலில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். ஒரு வளைவில் திரும்பும்போது, டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கிற்று.

"ஏங்க, இது என்ன கண்ணடிக்குது?" என்றாள் ஆவுடைத்தாய்.

"நல்ல எண்ணெய் குடிச்சிருக்குல்லா. குஷியில அடிக்குது."

அடுத்த வளைவில் விளக்கு கண்ணடிக்கவில்லை, முறைத்தது. எஞ்சினுக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி 'டக் டக்' என்றது. சுந்தரபாண்டியின் வாழ்க்கையில் அவர் செய்த ஒரே சரியான மெக்கானிக் வேலை அப்போது நடந்தது: பயத்தில் சாவியைத் திருகி அணைத்துவிட்டார்.

மாரிராஜ் குதித்து வந்து பானட்டைத் திறந்தான். கம்பியை உருவினான். நுனியில் ஒரு பொட்டுக் கறுப்புத்தான், கீழ்க்கோட்டைக்கூட எண்ணெய் எட்டவில்லை. கீழே குனிந்து பார்த்தான், ஒழுகவில்லை. பின்னால் நின்றுகொண்டே வந்தவன் அவன், புகையும் வரவில்லை.

"ஊத்தி ஒரு மாசந்தான் ஆகுது அத்தான். ஆவியாவே போயிருக்கு. தண்ணி எண்ணெயத் தலையில கட்டிட்டான் அந்த ஆளு. இருங்க, சட்டையப் பிடிச்சுக் கூட்டியாரேன்." சந்தைக்குப் போகிற ஒரு மொபெட்டை மறித்து ஏறிப் போய்விட்டான்.

சுந்தரபாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வண்டி நின்றது உண்மை. ஆனால் குற்றவாளி வேறு ஆள். ஆவுடைத்தாயின் முகமும் இளகியிருந்தது.

"நாங்கூட ஒங்களத்தான் நெனச்சேன்" என்றாள். "இந்தத் தடவ ஒங்க மேல தப்பு இல்ல, என்ன?" தூக்குவாளியைத் திறந்து அவருக்கு நீராகாரம் ஊற்றிக் கொடுத்தாள். வண்டி வாங்கிய பிறகு அவருக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது.

குடித்துக்கொண்டே, சும்மா இருக்கிற மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. ஆவியாகப் போனது எவ்வளவு இருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை மில்லி ஆவியாகும்? ஒரு நாளைக்கு... காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. அது சீசா கணக்காயிற்றே, அதை ஏன் இங்கே போடுகிறோம் என்று நினைத்தார். நினைத்தவர் கை அப்படியே நின்றது. அறுபத்தோரு ஐம்பது, மூவாயிரத்து ஐம்பது. மூன்று லிட்டர்.

பின்னால் இருந்து ஒரு கிடாய் கம்பி வழியாகத் தலையை நீட்டி அவரையே பார்த்தது. அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது போல இருந்தது.

ராஜமணி வந்து இறங்கும்போது ஏழெட்டு ஆட்டு வண்டிகள் நின்றுவிட்டன. எல்லாரும் சந்தைக்காரர்கள், எல்லாரும் அவர் கடையில் எண்ணெய் வாங்குகிறவர்கள். மாரிராஜ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். ராஜமணி கம்பியைப் பார்த்தார், அடியில் பார்த்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கடையில் பேசுகிற குரல் இல்லை அது.

"ஒழுகல. பொகையல. எண்ணெய் எங்கன போச்சுன்னு எனக்கும் தெரியல அண்ணாச்சி. இருவது வருசத்துல என் சரக்க ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்ல."

"பாத்தியளா, அவரே ஒத்துக்கிட்டாரு" என்றான் மாரிராஜ், கூட்டத்தைப் பார்த்து.

கூட்டத்தில் ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தார். சாவி ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் நீராகாரத்தைக் குடித்து முடித்தால் போதும், சாவி அவருடையதுதான். சுந்தரபாண்டி தூக்குவாளியைக் கீழே வைத்தார். கலப்படம் இல்லாத பாலைக் கலப்படம் என்று அவர் ஒரு நாளும் எழுதினதில்லை. பேசத்தெரியாத எருமைக்குக்கூட அந்த அநியாயம் செய்ததில்லை.

"அது எங்க வீட்டுல இருக்கு" என்றார்.

"எது?" என்றார் ராஜமணி.

"எண்ணெய்."

யாருக்கும் விளங்கவில்லை. சுந்தரபாண்டி எழுந்து நின்றார். சொல்வதென்று ஆன பிறகு குறைவாக எதற்குச் சொல்வது?

"சாம்பிள் எடுத்தேன் அண்ணாச்சி. என்னைக்குத் திரியுதுன்னு பாக்கதுக்கு. காலையில ஒரு சீசா, சாயங்காலம் ஒரு சீசா. முப்பது நாள். இன்னைக்கு விடியக்காலமும் ஒண்ணு. எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்கு. ஒங்க எண்ணெய் மேல ஒரு குத்தமும் இல்ல. நோட்டுல 'மிக நல்ல கறுப்பு'ன்னுகூட எழுதியிருக்கேன்."

 பின்னால் நின்ற ஒரு வியாபாரி மெதுவாகச் சொன்னார்.

"பாலு டெஸ்டரு எஞ்சினக் கறந்திருக்காருவே. ரெண்டு வேளையும்."

ரோட்டில் சிரித்த சிரிப்பில் கிடாய்கள் மிரண்டன. ராஜமணி ஜீப்பின் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாரிராஜ் அத்தானுக்கு முன்னால் சிரிக்கக்கூடாது என்று பக்கத்துப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கினான். சுந்தரபாண்டியும் சிரித்துவிட்டார். அவரைப் பற்றி அவரே சொன்ன எந்தக் கதைக்கும் ஜனங்கள் இவ்வளவு சிரித்ததில்லை.

ஆவுடைத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. "தெனமும் கம்பிய உருவி உருவிப் பாத்தீங்களே. எண்ணெய் கொறையுதது தெரியலையா?"

"அளவு நான் பாக்கதில்ல, தாயி. அது சோலை வேல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மாரிராஜ் ராஜமணி வந்த மொபெட்டில் வீட்டுக்குப் போய், பெட்டியோடு சீசாக்களைக் கட்டிக்கொண்டு வந்தான். ராஜமணி புனல் பிடித்தார். ஒவ்வொரு சீசாவையும் ஊற்றுவதற்கு முன் ஒட்டியிருந்த சீட்டை அவர் உரக்க வாசித்தார். கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை செய்வது மாதிரி இருந்தது. "நாலாந்தேதி, காலை. அஞ்சாந்தேதி, சாயங்காலம்..." அறுபத்தொன்றும் முடிந்து எஞ்சினை ஓட்டிக் காதை வைத்துக் கேட்டார். உலக்கைச் சத்தம் இல்லை.

"பேரிங் தப்பிச்சிட்டு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா எஞ்சின ஆட்டு வெலைக்குத்தான் போட்டிருக்கணும்" என்றார். "ஏழாயிரத்துல எறக்குங்க அண்ணாச்சி. ஒரேயடியா, ஒரே நாள்ல."

சுந்தரபாண்டி யாரும் சொல்லாமலே பின்பக்கம் போய் ஏறிக்கொண்டார். மாரிராஜ் சங்கடத்தோடு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான். சந்தை கலைவதற்குக் கொஞ்சம் முன்பாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வழியில் ஒரு கிடாய் அவர் இடுப்பில் சொருகியிருந்த நோட்டை இழுத்துத் தின்றது. 'மேற்படி' தொடங்குகிற பக்கம்வரை அவர் தடுக்கவில்லை. அதற்குப் பிறகும் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆவுடைத்தாய் அவர் கையில் ஒரு கந்தல் துணியைக் கொடுத்தாள்.

"தெனமும் கம்பியத் தொடச்சுட்டு, ஒருக்க விட்டு எடுத்து, எண்ணெய் எந்தக் கோட்டுல நிக்குன்னு சொல்லுங்க. அது போதும். கலரு, மணம் ஒண்ணும் வேண்டாம். அடியில படுக்கவும் வேண்டாம்."

"சொன்னாப் போதுமா?"

"வீட்டுக்குள்ள நிக்க எனக்குக் கேக்கணும்."

சுந்தரபாண்டி பானட்டைத் திறந்தார். கம்பியைத் துடைத்தார், விட்டார், எடுத்தார். முப்பத்தோரு வருஷம் பார்க்காத ஒன்றை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல" என்றார்.

தெருவில் பால் வாளியோடு போய்க்கொண்டிருந்த சோலை நின்றார். அவருக்கு விஷயம் முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். "ரெஜிஸ்டர்க்காரருக்குக் கேக்காது."